இரண்டு கையெழுத்துத் தேவை

டூட்டிங், லண்டன்
5 மார்ச் 1994

அன்புள்ள கலாவுக்கு,

பேத்தியின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு நல்லபடியாக நடந்ததாக உன் மகள் சுகந்தி சொன்னாள். சந்தோஷம். போனில் கதைக்கலாம் என்றால் நான் வாய் திறக்கும் நேரம் பார்த்துப் பிள்ளை அழுகிறது. நீ "பொறு, வாறன்" என்று போனால் திரும்பி வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன கிழமை ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் இருந்து சாமான் வாங்கும் பொறுப்பில் உள்ள பெண் நம்முடைய குரோய்டன் யூனிட்டுக்கு வந்தாள். பொரித்துக் கொடுத்த ரோல்ஸும் பற்றிஸும் சாப்பிட்டாள். இரண்டாவது தரமும் எடுத்தாள். தங்கள் கடைகளுக்குச் செய்து தர முடியுமா என்று கேட்டாள். பெட்டியில் அவர்களுடைய பெயர்தான் இருக்கும். மிளகாய் உறைப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அவர்கள் கேட்கும் அளவைச் செய்தால் நம்முடைய யூனிட் முழுவதும் அவர்களுக்கே போய்விடும். தமிழ்க் கடைகளுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது.

என் சமையலறையில் நாம் இரண்டு பேரும் மாக் குழைத்துத் தொடங்கிய கம்பனி இது. இரண்டு பேரின் கையெழுத்தும் இல்லாமல் ஒன்றும் நடக்கக் கூடாது என்று எழுதி வைத்ததும் நாம்தான். உன் எண்ணத்தைத் தெளிவாக எழுது.

அன்புடன்,
சிவமலர்

ரொறன்ரோ
15 மார்ச் 1994

அன்புள்ள மலருக்கு,

உன் கடிதத்தைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். இங்கே இன்னும் பனி. வெளியே இறங்க ஏலாது.

சூப்பர் மார்க்கெட் வேண்டாம். நம்முடைய பெயர் இல்லாத பெட்டிக்குள் நம்முடைய ரோல்ஸ் எதற்கு? உறைப்பைக் குறைத்தால் அது வேறு ஏதோ சாமான். இத்தனை வருடம் நம்மைத் தூக்கி விட்ட கடைக்காரருக்கு இனிமேல் இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? வேண்டாம் என்று சொல்லிவிடு. மே மாதம் நான் வந்ததும் மற்ற எல்லாவற்றையும் ஆறுதலாகக் கதைப்போம்.

யூனிட்டில் வேலை பார்க்கும் வத்சலா மாவுக்குப் புதுக் கொழுப்பு ஏதோ பாவிக்கப் போவதாக முன்பு போனில் சொன்னாய். நான் வரும்வரை அதையும் தொட வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
கலா

டூட்டிங்
29 மார்ச் 1994

அன்புள்ள கலாவுக்கு,

நீ சொன்னபடி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு தன் கோப்பை மூடினாள்.

இப்போது அடுத்த தலையிடி. ஹரோவில் ஒரு புதுக் கம்பனி ரோல்ஸ் செய்து நம்மைவிட மலிவாகக் கொடுக்கிறது. அப்பர் டூட்டிங் ரோட்டில் ஆனந்தராஜாவின் கடைக்குப் போனேன். பிறீசரில் நம்முடைய பெட்டி அடித்தட்டில் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "அக்கா, சனம் விலையைத்தான் பாக்குது. நான் என்ன செய்யிறது?" என்றார். கடைக்காரரின் முகத்துக்காக நீ பெரிய ஒப்பந்தத்தை விடச் சொன்னாய். கடைக்காரர் நம்முடைய முகத்தைப் பார்க்கவில்லை.

வத்சலா ஒரு வழி சொல்கிறாள். மரக்கறிப் பற்றிஸை மட்டும் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொடுப்போம். ரோல்ஸ் நம்முடைய பெயரிலேயே நம்முடைய கடைகளுக்குப் போகட்டும். மாலையில் இன்னொரு ஷிப்ட் போட்டால் இந்த யூனிட்டிலேயே சமாளிக்கலாம். எனக்கு இது சரியாகப் படுகிறது. திருச்சியில் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவள், கவுன்சில் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தால் அவரோடு கதைக்கக் கூடிய ஒரே ஆள். அவளை ஹரோக்காரர்களும் கூப்பிடுகிறார்கள். அவளுக்குக் கம்பனியில் ஒரு சிறிய பங்கு கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கணக்காளர் பாலேந்திரா சொல்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உடனே எழுது.

சிவமலர்

ரொறன்ரோ
9 ஏப்ரல் 1994

அன்புள்ள மலருக்கு,

மருமகன் பாஸ்கரனோடு இருந்து எல்லாவற்றையும் யோசித்தேன். அவர் இங்கே ஒரு பெரிய கம்பனியில் வேலை செய்கிறவர், இந்த விஷயங்கள் தெரிந்தவர். பயந்து பயந்து வியாபாரம் செய்யக் கூடாது என்கிறார். சூப்பர் மார்க்கெட் கேட்டதை முழுதாகவே எடுப்போம். பக்கத்து யூனிட்டையும் வாடகைக்கு எடு. பாங்கில் கேட்டால் தருவார்கள். உறைப்பைக் குறைத்தால் என்ன, வெள்ளைக்காரர் தின்னட்டும்.

வத்சலாவுக்குப் பங்கு வேண்டாம். நேற்று வந்த பிள்ளை. சம்பளத்தைக் கூட்டிக் கொடு, போதும்.

சுகந்தி இன்னும் பலவீனமாக இருக்கிறாள். மே டிக்கெட்டை ஓகஸ்டுக்கு மாற்றிவிட்டேன். நீ கோபிக்க மாட்டாய் என்று தெரியும்.

அன்புடன்,
கலா

டூட்டிங்
20 ஏப்ரல் 1994

கலாவுக்கு,

கோபம்தான்.

நீ வேண்டாம் என்றாய். போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது வேண்டும் என்கிறாய், அதுவும் இரண்டு யூனிட்டோடு. நான் எந்த முகத்தோடு அவளிடம் திரும்பிப் போவது? ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கும் இடம் இது. நீ அங்கே ஜன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டு முடிவு எடுக்கிறாய். அது இங்கே வந்து சேரும்போது அந்தப் பிரச்சினையே மாறிப் போயிருக்கிறது. பாஸ்கரன் நம்முடைய யூனிட்டின் கதவைக்கூடக் கண்டதில்லை. அவர் எப்போது டிரெக்டர் ஆனார்?

உன் கடிதத்தில் இருந்ததைக் கொஞ்சம் மறைத்துத்தான் வத்சலாவிடம் சொன்னேன். அவள் கையைத் துடைத்துவிட்டு வந்து நின்றாள். "மேடம், ஒருத்தர் சொன்னா நான் செஞ்சிடுவேன். இங்க ஒருத்தர், அங்க ஒருத்தர் சொன்னா எதைச் செய்யறது? ஹரோவுல பதில் கேக்கறாங்க. மே மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

என் மனுஷன் யோகராஜா, நான் வீட்டில் ஒருவரோடும் கதைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதாகச் சொல்கிறார். உண்மைதான். கதைக்க வேண்டிய ஆள் ரொறன்ரோவில் இருக்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ எப்போது வருகிறாய்? டிக்கெட்டில் போட்டிருக்கும் திகதியை நான் கேட்கவில்லை.

சிவமலர்

ரொறன்ரோ
4 மே 1994

அன்புள்ள மலருக்கு,

நீ இப்படி எழுதுவாய் என்று நினைக்கவில்லை. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சுகந்தி செப்டம்பரில் வேலைக்குத் திரும்ப வேண்டும். பிள்ளையை யாரிடம் விடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. இங்கே பிள்ளை பார்க்கிறவர்களை நம்ப ஏலாது. தீபாவளி வரைக்கும் பொறு, எல்லாம் சரிவரும். அதுவரை ஒன்றையும் மாற்றாதே. வத்சலாவையும் பொறுத்திருக்கச் சொல். நாம் இரண்டு பேரும் நேரில் இருந்து கதைத்தால் தீராத பிரச்சினை எது இருந்தது?

இங்கே தமிழ்க் கடையில் பற்றிஸ் வாங்கினோம். மா தடிப்பு. உள்ளே வெறும் உருளைக்கிழங்கு. உன்னை நினைத்தேன்.

கலா

டூட்டிங்
25 மே 1994

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். நான் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. இல்லாததே பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

இதை நான் கோபத்தில் எழுதவில்லை. கோபம் போன கடிதத்தோடு முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை வத்சலாவையும் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணிடம் மறுபடி போனேன். பற்றிஸ் மட்டும் தருவோம், அதற்கு உறைப்புக் குறைப்போம், ரோல்ஸைத் தொட மாட்டோம் என்றேன். அவள் கோப்பைத் திறந்து கணக்கைப் பார்த்தாள். தென் லண்டனில் சில கடைகளில் ஆறு மாதம் வைத்துப் பார்க்கலாம் என்றாள். பிறகு, இந்த முறை இது முடிவான பேச்சுத்தானே என்று கேட்டாள். ஓம் என்றேன். உன்னைக் கேளாமல் நான் சொன்ன முதல் ஓம் அதுதான். வெளியே வந்ததும் வத்சலா தேநீர் வாங்கித் தந்தாள்.

அவள் ஹரோவுக்குப் போகவில்லை. பங்குதாரராக வருகிறாள். இத்துடன் பாலேந்திரா எழுதிய பத்திரம் இருக்கிறது. உன் பங்கை எனக்கும் அவளுக்கும் மாற்றித் தருவதாக அதில் உள்ளது. அதன் பெறுமதியை நியாயமாகப் போட்டிருக்கிறார், வேறு கணக்காளரிடம் காட்டிப் பார். உனக்குச் சம்மதம் இல்லையென்றால் என் பங்கை நீ எடுத்துக்கொள், நான் விலகுகிறேன். ஆனால் யாராவது ஒருவர் இங்கே நின்று கம்பனியை நடத்த வேண்டும். இப்படி இனி ஒரு நாளும் என்னால் ஏலாது.

கையெழுத்து வைத்தால், இனிமேல் வியாபாரம் பற்றி உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன். நீ லண்டனுக்கு வரும்போது யூனிட்டுக்கு வரத் தேவையில்லை, நேரே வீட்டுக்கு வா.

என்றும் அன்புடன்,
மலர்

ரொறன்ரோ
12 ஜூன் 1994

அன்புள்ள மலருக்கு,

பத்திரத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். வேறு கணக்காளரிடம் காட்டவில்லை. முதல் நாள் உன்னை நன்றாகத் திட்டினேன். சுகந்தி பயந்துபோனாள். அடுத்த நாளும் திட்டினேன், ஆனால் அவ்வளவு இல்லை.

நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். நான் வரமாட்டேன். இது மார்ச் மாதமே எனக்குத் தெரியும்.

தெரிந்துகொண்டு ஏன் வேண்டும், வேண்டாம் என்று உன்னை அலைக்கழித்தேன் என்று கேட்பாய். இந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார்கள். பால் காய்ச்சியாச்சா, பிள்ளை நித்திரையா, உடுப்புக் காய்ந்ததா என்று கேட்பார்கள். உன் கடிதம் வந்தால் அதில் மட்டும்தான் "என்ன செய்வோம், கலா?" என்று இருக்கும். வரமாட்டேன் என்று எழுதினால் அதற்குப் பிறகு நீ கேட்க மாட்டாய். அந்தக் கேள்வியை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

உன்,
கலா