மாரியாத்தா சொல்லவில்லை

ஜூன் 9, திங்கள்
புது இன்ஜினியர் மிதுன், பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றும் எங்களை "ஆன்ட்டி" என்கிறார். "ஆன்ட்டின்னா டீக்காசு உங்களுதுங்க தம்பி" என்றேன். முதலாளி திருமலைசாமியே சிரித்துவிட்டார்.

ஜூன் 12, வியாழன்
மிதுன் வரைந்து கொடுத்த கனெக்‌ஷன் படத்தில் ஒரு கம்பிச் சுருளின் இரண்டு முனையும் மாறிக் கிடக்கிறது. பார்த்ததுமே என் தலைக்குள் மோட்டார் ஓடி, முனகி, கருகிவிட்டது. எப்படித் தெரிந்தது? தெரியாது. அஞ்சாவதோடு நின்றவள் நான். வரிசை தப்பினால் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும். எடுக்காமல் விட முடியாது.

வழக்கம்போலத்தான் முதலாளியிடம் சொன்னேன். "ஏனுங்க, மாரியாத்தா கனவுல வந்து இந்தப் படம் தப்புன்னாளுங்க."

"ஆத்தா எந்தக் காலேஜுல படிச்சா, ராசாத்தா?" என்றார் முதலாளி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும். காலேஜ் படித்தவர் போட்ட படம், அப்படியே வேலைக்குப் போனது.

ஜூன் 13
பதினெட்டு வருசமாக இந்தக் கனவுக் கதை. தப்பை ஒரு பொம்பளை கண்டுபிடித்தாள் என்றால் ஆம்பளைகளுக்கு முகம் சுண்டிவிடும், சாமி சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் மோட்டார் படத்தை ஆத்தா படத்துக்கு முன்னால் வைத்துத் தேங்காய் உடைப்பார் முதலாளி. எனக்கு ஒரு மூடி. சட்னிக்கு ஆச்சு என்று நானே கேலி பேசியிருக்கிறேன். தூ.

ஜூன் 17
டெஸ்ட் போட்ட மோட்டார் ஆறும் கருகிப்போச்சு. படத்தில் இருந்தபடிதான் என் பக்கத்து மேசை ரூபினா கம்பிகளை இணைத்தாள். மிதுன், "கனெக்‌ஷன் கொடுத்ததுல தப்பு" என்றுவிட்டார். முதலாளி அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு உக்கடம் பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது என்னைத்தான் பார்த்தாள்.

நான் வாயே திறக்கவில்லை. நான்! ஊருக்கெல்லாம் வாயாடி.

ஜூன் 18
லீவு போட்டுவிட்டேன். "ஏனம்மணி, பாத்திரத்தை இந்தப் போடு போடற?" என்றார் வீட்டுக்காரர்.

"அது திருப்பிப் பேசாதுங்க, அதான்."

ஜூன் 19
இன்றைக்குக் கனவு இல்லை, சிரிப்பு இல்லை. கருகின மோட்டாரைப் பிரித்து வைத்தேன். தரையில் சாக்பீஸால், கம்பி உட்காரும் இருபத்துநாலு பள்ளமும் வரைந்து, கரண்ட் போகிற வழிக்கு அம்புக்குறி போட்டேன். முனை மாறின இடத்தில் அம்பும் அம்பும் முட்டிக்கொண்டு நின்றன.

"சாமி சொன்னாளா?" என்றார் முதலாளி.

"சாமி ஒருநாளும் சொல்லலீங்க. இத்தன வருசமும் நாந்தானுங்க சொன்னேன். ரூபினா மேல தப்பில்லீங்க."

"அப்ப இத்தன வருசமா எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கற."

அவருக்கு ஆறு மோட்டார் போனது குத்தமில்லை, ஒருத்தி பொழப்பு போனது குத்தமில்லை, எனக்கு மூளை இருக்குதுன்னு மறைச்சதுதான் குத்தம்.

மிதுன் குனிந்து அம்புகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். "இவங்க சொல்றதுதான் சார் சரி. தப்பு என் படத்துல."

ஜூன் 23
ரூபினா வேலைக்குத் திரும்ப வந்துவிட்டாள். "ஏன் அன்னைக்கே சொல்லலீங்கக்கா?" என்று கேட்டாள். என் டிபன் பாக்ஸைத் திறந்து அவள் பக்கம் தள்ளினேன்.

ஜூன் 30
முதலாளி என்னோடு பேசிப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. இன்றைக்கு அடுத்த மோட்டாரின் படம் வந்தது. ஆத்தா படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கவில்லை. தேங்காயும் இல்லை. என் மேசையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி நின்றார்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதுவரைக்கும் நின்றுகொண்டேயிருந்தார்.