தையலுக்குப் பயந்து தண்ணீரை விட்டது

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? கர்ப்பப்பை எடுத்த தையல் எனக்கு நன்றாக ஆறிவிட்டது.

நடுவில் சிறுநீர் போகும்போது எரிச்சல், குளிர்க்காய்ச்சல். உள்தையல் விட்டுப்போயிற்றோ என்று நடுங்கிவிட்டேன். பரிசோதித்தால் வெறும் சிறுநீர்த் தொற்று, மாத்திரையில் அடங்கிவிட்டது.

நான் தண்ணீர் குடிப்பதை விட்டிருந்ததைச் சொன்னதும், "ஆபரேஷனுக்கு மூத்திரக் குழாய் வச்சிருந்தா இது வரும்தான். அதோட தையலுக்குப் பயந்து தண்ணியையும் விட்டா கேக்கணுமா? படிச்சவங்கதானே, யார் சொன்னா?" என்றார் நர்ஸ்.

"நானாத்தான்" என்று சமாளித்தேன். "பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா தையல் ஊறிடும்" என்று நீ போனில் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனாலும் அப்படியே செய்தேன்.

உன் பழைய நூல் புடவை ஒன்று அனுப்பு. இங்குள்ள உடைகள் வயிற்றில் இறுக்குகின்றன. அலுவலக வண்டி வந்துவிட்டது. இனி போன் செய்யும்போதெல்லாம் தண்ணீர் குடித்தாயா என்று அதட்டு. இங்கே அதற்கு ஆளில்லை.

உன் மகள்