ஏழு பேர் வைத்திருந்த பெயர்

ஜூன் 11, 2024

அலுவலகப் பொறுப்பை ஏற்று இன்றோடு ஒரு வருடம். கேக் வெட்டலாமா மேடம் என்று ராயப்பராஜ் கேட்டார். இங்கே எனக்கு அடுத்தபடியாக இருப்பவர், நல்ல மனுசன், ஆனால் சாக்குக் கிடைத்தால் கேக். வேடசந்தூர் முகாமுக்குக் கழிவறைக் கதவு வரட்டும், அப்புறம் வெட்டலாம் என்றேன். அகதிகளுக்கான கள அலுவலகம் என்று போர்டில் பெரிதாகத்தான் இருக்கிறது. உள்ளே ஐந்து பேர், ஒரு ஜீப், பத்தரை மணிக்கே கையை விரித்துவிடும் ஒரு இன்வெர்ட்டர்.

மதியம் அந்த முகாமிலிருந்து சலேத்தம்மா வந்திருந்தார், மகள் ரீட்டாவோடு. அம்மாவுக்கு எழுபத்தொன்று. தொண்ணூறில் சண்டை மூண்டபோது மன்னாரிலிருந்து படகில் வந்தவர். இப்போது ஊருக்குத் திரும்ப வேண்டுமாம். ராணுவம் பிடித்து வைத்திருந்த அவருடைய நிலத்தை விட்டுவிட்டார்களாம்.

"என்ட காணியில ஒருக்கா உலை வைச்சுச் சோறாக்கித் தின்னோணும் பிள்ளை. அதுக்குப் பிறகு என்னவும் நடக்கட்டும்."

"நான் இல்லாம இது எப்படிப் போகும் மேடம்? மாத்திரைகூட நான் எடுத்துக் குடுத்தாத்தான் முழுங்கும்" என்றாள் ரீட்டா. முப்பத்தேழு வயது, மில் வேலை, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். ஷிப்ட் முடிந்து மில் பஸ்ஸில் இறங்கி நேரே வந்திருந்தாள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. மகளுடையது இல்லை. அது இல்லாமல் அந்த நாட்டுக் குடியுரிமை வராது, பாஸ்போர்ட்டும் வராது. மன்னாருக்கு எழுதி நானே வாங்கித் தருகிறேன் என்றேன். "வேண்டாம் பிள்ளை, அது கிடைக்காது. முகாம் கார்டை வைச்சே பாருங்கோ" என்றார். இரண்டு தடவை சொன்னார். சும்மா பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

ஜூன் 13

மன்னார் பதிவகத்துக்குக் கடிதம் போய்விட்டது. கலெக்டர் அலுவலக அகதிகள் பிரிவுக்கு ஒரு நகல், சென்னைக்கு ஒரு நகல், ஃபைலுக்கு ஒன்று. நகல் போடாமல் எனக்குக் கை ஓடாது. பழைய வேலையில் ஒரு தடவை போடாமல் மாட்டிக்கொண்டேன், அதிலிருந்து இப்படி. கட்டிக்கொண்ட மச்சான் கேலி செய்கிறார்: "ஊருக்கெல்லாம் காயிதம் தேடிக் குடுக்கிற. நம்ம வீட்டு கேஸ் புக்கு எங்கன கெடக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது.

ஜூலை 30

பதில் வந்தது. எதற்கடா எழுதினோம் என்று இருக்கிறது.

சலேத்தம்மா பெயரில் பதிவான பிள்ளை ஒன்றே ஒன்று. ஆண். எண்பத்துமூன்றில் பிறந்து இரண்டு வயதில் இறந்திருக்கிறது. பெண் பிள்ளையே இல்லை.

நான் நகல் போட்ட அத்தனை பேருக்கும் அவர்களும் நகல் போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 2

முகாமுக்குப் போனேன். ஆண்கள் எல்லாரும் பெயின்ட் வேலைக்குப் போய்விட்டார்கள். சலேத்தம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடிகூடப் போடவில்லை.

"இவளை நான் பெறேல்ல."

கரையில் குண்டு விழுந்து தாய் இறந்துபோயிருக்கிறாள். தகப்பன் மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிப் படகில் போட்டுவிட்டு, மூத்தவனைக் கூட்டிவரத் திரும்பி ஓடியிருக்கிறார். படகு காத்திருக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை மண்டபம் முகாமில் இறங்கியதும் பிரித்து விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று படகில் பேச்சு. அது உண்மையோ பொய்யோ, பதிகிற இடத்தில் சலேத்தம்மா "என்ட பிள்ளை" என்று சொல்லிவிட்டார். ரீட்டா என்பது அந்த வரிசையில் நின்றபடி அவர் வாயில் வந்த பெயர்.

ரீட்டா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியுமா என்று பதறிப்போனேன்.

"பத்து வயசுலயே சொல்லிட்டாங்க மேடம். ஆனா யாரு பிள்ளைன்னு சொல்லல. யாரைக் கேட்டாலும் நேரம் வரும்போது சொல்லுவோம்பாங்க. அப்புறம் நானும் கேக்கறத விட்டுட்டேன்."

சலேத்தம்மாவைக் கேட்டேன், இவளுடைய சொந்தப் பெயர் என்ன? "எனக்குத் தெரியாது பிள்ளை." எனக்குக் கோபம் வந்தது. வளர்த்தவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஆகஸ்ட் 9

கலெக்டர் அலுவலகத்துக்குப் போன நகலோடு வருவாய் ஆய்வாளர் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். கடுமையாகப் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"பொய்யாப் பதிஞ்சிருக்கு மேடம். அதை நான் பார்க்காத மாதிரி இருக்க முடியாது. அந்தப் புள்ள நெசமா யாருன்னு காட்டுங்க, பேர மாத்தி எழுத வழி இருக்கு. இல்லேன்னா பதிவுல இருந்து எடுக்கச் சொல்லித்தான் நான் எழுதணும். மாசக் கடைசி வரைக்கும் பாக்கிறேன்."

பதிவிலிருந்து எடுத்துவிட்டால் ரீட்டா இந்த நாட்டிலும் இல்லை, அந்த நாட்டிலும் இல்லை. இன்றைக்குப் பார்த்து சலேத்தம்மாவுக்கு ஊர் திரும்ப அனுமதி வந்திருக்கிறது. ஜனவரி 31 வரை செல்லும். அவருக்கு மட்டும்.

ஆகஸ்ட் 10

வேண்டாம்னு அந்தம்மா ரெண்டு தடவ சொல்லுச்சு. எனக்கு என்ன, காதா அடைச்சிருந்துச்சு?

ஆகஸ்ட் 21

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

அந்தப் படகில் வந்தவர்கள் வருடா வருடம் இந்தத் தேதியில் ஒன்றாகச் சாப்பிடுவார்களாம். வெளியாட்களைக் கூப்பிடுவதில்லை. ஆய்வாளர் கெடு வைத்தது தெரிந்து இந்த வருடம் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். திண்டுக்கல் மார்க்கெட் ஐஸ் மீனில் ஒரு குழம்பு, சொதி, சோறு. இது எங்கட ஊர் மீன் இல்லை என்று ஆளாளுக்கு அதைக் குறை சொல்லிக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஜெபம் முடிந்ததும் சூசைப்பிள்ளை ஐயா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். எழுபத்தெட்டு வயது. படகில் வந்தவர்களில் இப்போது மூத்தவர்.

அவர் சொன்னது இது. தகப்பன் பிள்ளையைப் படகில் போட்டபோது அவளைப் பற்றிய எல்லாவற்றையும் கத்திச் சொல்லிவிட்டுத்தான் ஓடினாராம். பெயர், தன் பெயர், தாயின் பெயர், அண்ணன் பெயர், ஊர், பிறந்த நாள், பிறந்த ஆஸ்பத்திரி. ஏழு விஷயம். எழுதி வைத்தால் சோதனையில் பிடிபடும். ஒருவரே ஏழையும் வைத்திருந்தால் ஒருநாள் மறந்துவிடும், அல்லது பயத்தில் வாய்விட்டுவிடும். அதனால் கடலில் வரும்போதே பங்கு வைத்துவிட்டார்கள். ஆளுக்கு ஒன்று. கேட்ட மற்றதையெல்லாம் மறந்துவிடு, உன்னுடையதை மட்டும் மறக்காதே என்று.

"மறந்துவிட்டீர்களா ஐயா, மற்ற ஆறையும்?"

"ஓம் பிள்ளை. என்ட ஒண்டைக் காப்பாத்தவே இந்த மூளை காணாது."

சலேத்தம்மாவுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. விசாரணை என்று வந்தால் முதலில் அவரைத்தான் கேட்பார்கள், தெரியாததை யாரும் பிடுங்க முடியாது என்று. வருடா வருடம் இந்த நாளில் சாப்பாடு முடிந்ததும் அந்த ஏழு பேரும் தனித்தனியே போய்த் தன் பங்கை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார்களாம். சாகக் கிடந்தால் வீட்டில் ஒருவர் காதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

முப்பத்துநான்கு வருடம். நான் மூன்று பூட்டு, இரண்டு பாஸ்வேர்டு, ஒரு இரும்பு பீரோ வைத்துத் தகவலைப் பாதுகாக்கிற ஆள். தட்டைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 22

சலேத்தம்மாவிடம் நான் கோபப்பட்டதை நினைத்தால் கூசுகிறது.

ஆகஸ்ட் 29

முகாமின் சமுதாயக் கூடத்தில் வாக்குமூலம். ஆய்வாளர் கெட்டிக்காரர். எல்லாரையும் வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்கக் கூடாதென்று. நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

சூசைப்பிள்ளை ஐயாவிடம் இருந்தது தகப்பன் பெயர். சொல்வதற்கு முன் செருப்பைக் கழற்றினார். அடுத்து ஒரு மருமகள், மாமியார் சாகும்போது அவள் காதில் போட்ட ஆஸ்பத்திரிப் பெயரைச் சொன்னாள். அதற்கப்புறம் அண்ணன் பெயர். பிறந்த நாளை வைத்திருந்த அம்மாவுக்குக் காது மந்தம். "எண்பத்தேழு, தைப்பொங்கலுக்கு அடுத்த நாள்" என்று ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். ஊர்ப் பெயர் வைத்திருந்தவர் கும்மிடிப்பூண்டி முகாமுக்கு மாறிப்போனவர். இதற்காகவே பஸ் பிடித்து வந்து, சொல்லிவிட்டு, தண்ணீர் கேட்டார்.

ஆறாவதாக வந்தது சலேத்தம்மாவின் பக்கத்து வீட்டு ஜெசிந்தா. முப்பத்துநான்கு வருடம் ஒரே சுவர். "ரீட்டா, ஒரு சிரட்டை சீனி தா" என்று தினமும் கூப்பிட்டவள். அவளிடம் இருந்தது பெயர்.

ஏழாவது ஆள் இல்லை. தாயின் பெயரை வைத்திருந்தவர் பெயின்டர். கரூரில் சாரம் சரிந்து விழுந்து, ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டார். அந்தப் பங்கு அவரோடு போனது. அவர் மனைவி வெளியே மரத்தடியில், தன்னுடைய குற்றம்போல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கடைசியில் ஆய்வாளர் எல்லாரையும் உள்ளே வரச்சொல்லி எழுதியதைச் சேர்த்து வாசித்தார். சுகந்தினி. தகப்பன் வேலுப்பிள்ளை கணேசலிங்கம். அண்ணன் சுதாகரன். ஊரையும் ஆஸ்பத்திரியையும் இங்கே எழுதவில்லை, தொழில் பழக்கம்.

சுகந்தினி என்று ரீட்டா தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். சலேத்தம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு காலமும் பேர் தெரியாத பிள்ளையையோ கூப்பிட்டனான்" என்று அப்படி ஒரு அழுகை. அந்தப் பெயரை அவரும் இன்றைக்குத்தான் கேட்கிறார். கூடத்தில் இருந்த ஒருவருக்கும், நான் உட்பட, நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஜீப் வரைக்கும் ஆய்வாளர் கூட வந்தார். "இருபத்தெட்டு வருசம் சர்வீஸு மேடம். இப்படி ஒரு சாட்சி நான் எழுதினதில்ல. ஆனா வாயால சொன்னது மட்டும் பத்தாது. அங்கன பதிவுல இருந்தாத்தான் நிக்கும். காயிதம் வரட்டும், அதுவரைக்கும் நான் ஒண்ணும் எழுதல."

வண்டி தாடிக்கொம்பு தாண்டுவதற்குள் ராயப்பராஜ் மன்னாருக்கு அடுத்த கடிதத்தை மடியில் வைத்தே எழுதி முடித்திருந்தார். 

அக்டோபர் 17

வந்துவிட்டது. அவசரத்தில் மன்னார் உறையைக் கோணலாகக் கிழித்தேன். அண்ணனுடைய பதிவையும் தேடிச் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஆறும் ஆறுதான். ஒரு எழுத்துப் பிசகவில்லை. ஆஸ்பத்திரி, தேதி, ஊர், எல்லாம். நானும்தான் இந்த முப்பத்துநான்கு வருடமும் உயிரோடு இருந்திருக்கிறேன், எதை இப்படிக் காப்பாற்றினேன்? யா அல்லா, என்ன மனுசங்க இவங்க.

ஏழாவதும் அதில் இருந்தது. தாயின் பெயர் சிவபாக்கியம்.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சலேத்தம்மா இந்தத் தடவை கண்ணாடி போட்டார். அந்த ஒரு வரியில் விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். "இவ்வளவு நாளும் இவளைப் பெத்தவ எண்டுதான் அவவுக்காகச் செபிச்சனான். இனிப் பேர் சொல்லிச் செபிக்கலாம்." பிறகு எழுந்து, அந்தப் பெயின்டரின் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

நவம்பர் 26

பதிவை மாற்றிவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டும். ஆனால் காகிதத்தில் இப்போது இவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் யாரும் இல்லை. தனித்தனி ஃபைல். உறவு என்ற கட்டத்தில் ஒரு கோடு. ரீட்டா புதுப் பெயரில் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். ஜனவரி 31-க்குள் வராவிட்டால் அம்மா தனியாகப் போக வேண்டியதுதான்.

சொன்னேன். சலேத்தம்மா கேட்டுக்கொண்டார். "ஒரு வள்ளத்தில வந்தனாங்கள் பிள்ளை. அவளை விட்டிட்டு நான் ஏறமாட்டன். காணி கிடக்கட்டும்."

காணி கிடக்கட்டுமாம். அந்தக் காணிக்காக எத்தனை வருடம் காத்திருந்தார்.

டிசம்பர் 19

சென்னைக்குப் பதினோராவது போன். "மேடம், உங்க குரலைக் கேட்டாலே எங்க செக்‌ஷன்ல எல்லாரும் எந்திரிச்சுப் போயிடறாங்க" என்றான் அங்கிருந்த குமாஸ்தா. போகட்டும், திரும்பி வருவார்கள்.

ஜனவரி 23, 2025

வந்தது. ரீட்டாவின் பாஸ்போர்ட்டும் ஊர் திரும்ப அனுமதியும் ஒரே வாரத்தில். கேக் வாங்கச் சொன்னேன். ராயப்பராஜ் நம்பாமல் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார்.

ஜனவரி 28

மதுரை விமான நிலையம். படகுக்காரர்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள்.  உள்ளே இருவரும் வேறு வேறு வரிசையில் நின்றார்கள், ஃபைல் வேறு அல்லவா. ரீட்டா தன் வரிசையிலிருந்து எட்டி அம்மாவின் மாத்திரைப் பையைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன்.  காகிதம் சேர்க்க மறந்த இவர்களை அங்கே யார் சேர்ப்பார்கள்?

பிப்ரவரி 6

ரீட்டா போன் செய்தாள். சுகந்தினி என்று கூப்பிட்டேன். "நீங்க ரீட்டான்னே சொல்லுங்க மேடம்" என்றாள்.

தகப்பனைப் பற்றியும் அண்ணனைப் பற்றியும் ஒன்றும் தெரியவில்லையாம். விசாரித்துக்கொண்டிருக்கிறாளாம். காணியில் தகரம் அடித்து ஒரு கொட்டகை போட்டாயிற்று. இன்று காலை கிராம சேவகர் வீட்டாரைப் பதிய வந்திருக்கிறார். இரண்டு சான்றிதழையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். மதமும் வேறு, தாயின் பெயரும் வேறு. இவ உங்களுக்கு என்ன முறை என்று கேட்டாராம். சலேத்தம்மா, ஒரு தடவை பதிவில் பொய் சொல்லிவிட்டு இவ்வளவு பட்டவர் அல்லவா, திரும்பவும் என்ன சொல்வது என்று ரீட்டாவைப் பார்த்திருக்கிறார்.

ரீட்டா ஒன்றையும் மறைக்கவில்லை. படகு, மண்டபம், ஏழு பேர், எல்லாவற்றையும் அந்த மனுசனிடம் நின்றபடியே சொல்லியிருக்கிறாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார். முடிந்ததும் அதே கேள்வியை இப்போது ரீட்டாவிடம் கேட்டாராம்.

"அம்மா" என்றாளாம்.

எழுதிக்கொண்டார். வேறு காகிதம் எதுவும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த வீட்டு வளவுக்குப் போனாராம்.