பக்கத்தில் நடந்தவள்

காலையில் ஆய்வுக்கூடத்து அலமாரியைத் திறந்ததும் டேப்புப் பசையின் வாசனை வந்தது. பளபளக்கும் அந்தச் சின்ன உருண்டைகளை நோயாளியின் இடுப்பிலும் முழங்காலிலும் ஒட்டி, கேமராக்களுக்கு நடுவே நடக்கவிட்டு நடையை அளப்பதுதானே நம் இருவர் வேலையும். நீ போனபின் நான் மட்டும் ஒட்டுகிறேன்.

நடையை ஆராய்ந்தவர்களின் கதை என்றால் உனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். செருப்புக்கடியில் காற்றுப்பை வைத்து ஒவ்வொரு அடியையும் காகிதத்தில் கோடாக விழவைத்த பிரெஞ்சுக்காரர்; சிப்பாயின் உடம்பெல்லாம் விளக்குக் குழாய்களைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டுப் படம் பிடித்த ஜெர்மானியர்கள். கட்டி முடிக்கவே மணிக்கணக்கில் ஆகுமாம். "அம்மாம் நேரம் கட்டி வச்சா அவன் எங்கடி நடந்தான்? நடிச்சான்!" என்று சிரிப்பாய். கேமராவைப் பார்த்தால் காலும் பொய் சொல்லும் என்பது உன் கட்சி.

சாயங்காலம் கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டி நந்தனம் வரை சேர்ந்தே நடப்போம். கடைசிக் காலத்தில் உன் இடது கையில் எப்போதும் கனத்த துணிப்பை இருக்கும். கொடு என்றால், "உட்டா என்னியும் தூக்கிக்கினு போவ போல" என்பாய். நானும் சிரித்துக்கொண்டு பக்கத்திலேயே வருவேன்.

பிறகு நீ குளியலறையில் விழுந்து, தலையில் அடிபட்டு, இறந்துபோனாய். காரியத்தன்று உங்கள் சைதாப்பேட்டை வீட்டில் உன் வீட்டுக்காரர்தான் சொன்னார்: "ஒரு வருசமா நடக்கறப்ப அந்த இடது கை வீசலம்மா. நடுக்குவாதம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ பாத்தா கண்டுபுட்ச்சிடுவேன்னுதான் பையத் தூக்கிக்கினு வந்தா. 'அவ என்னிய பேஷண்ட்டா பாக்கக்கூடாது'ன்னு ஒரே புடிவாதம்."

எனக்கு அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. ஊரார் நடையையெல்லாம் சேர்ந்து அளந்துவிட்டு, என்னிடமே நடித்துவிட்டாயே, பாவி. பக்கத்தில் வருகிறவளின் நடை கண்ணில் படாது, பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும் என்று உனக்குத் தெரியாதா என்ன? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உருண்டையும் வேண்டாம் கேமராவும் வேண்டாம் என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்திருப்பேன். அந்தப் பாலத்தில் ஒருநாளாவது அப்படி வந்திருக்கலாம்.

இப்போது யாரோடு போனாலும் என் கால் தானாகப் பின்தங்குகிறது. நேற்று பாண்டி பஜாரில் என் கணவர் திரும்பிப் பார்த்து, "ஏன் பின்னாடியே வர்றே, கால் வலிக்குதா?" என்றார். இல்லை, நீங்கள் போங்கள் என்றேன். அவர் போனார். இரண்டு கைகளும் நன்றாக வீசிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.