பர்லின் அப்பா வாசித்த ஸ்தோத்திரம்

அன்பு மகள் சவுலினாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு பன்றிகளும் ஒழுகுகிற கூரையும் சுகம். நீயும் அந்தச் சோரோங் ஊர் வெயிலில் வாடாமல், காய்ச்சல் கீய்ச்சல் அண்டாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அதட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், இல்லாவிட்டால் உடனே எழுது. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மற்றது. உன் அப்பா மனந்திரும்பிவிட்டான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. கோயில் மணி அடிக்கிறவர் வருவதற்கு முன்னால் நான் போய் முன் பெஞ்சில் முழங்கால் போடுகிறேன், கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறேன், உதடு துடிக்கிறது. போதகரின் மனைவி பெண்கள் கூட்டத்தில் என்னை எடுத்துக்காட்டாகச் சொல்லி, "சோதனை வந்தா இப்படித்தான் கர்த்தர் காலைப் பிடிக்கணும், சவுலினா அப்பாவைப் பாருங்க" என்றாராம். நான் எதைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கும் கர்த்தருக்கும் மட்டும்தான் தெரியும். மகளே, நான் கேட்டது ஒன்றே ஒன்று. நம் மூப்பர் பர்லின் அப்பாவின் பல்செட், சபை நிறைந்திருக்கிற நேரத்தில், அவர் வாயை அகலத் திறக்கும்போது கழன்று காணிக்கைத் தட்டில் விழ வேண்டும். சில நாள் மனமிரங்கி, பல் வேண்டாம், வயிற்றுப்போக்கு போதும் என்று குறைத்தும் கேட்டேன். வேதத்தில் சத்துருவுக்கு எதிராகக் கேட்கிற ஜெபங்கள் எத்தனை இருக்கின்றன என்று இந்த வயதில்தான் தேடிப் படித்தேன், சுகமாக இருக்கிறபோது நாம் புரட்டாத பக்கங்கள் அவை, என்ன ருசி போ.

மீன் செத்த கதை உனக்குத் தெரியும். மலைக்காற்று விடாமல் அடித்து ஏரியின் அடித் தண்ணீரை மேலே புரட்டிப் போட்டது, கரையோரக் கூண்டுகளில் இருந்த ஜிலேபி மீன் அத்தனையும் மூச்சு முட்டி மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடி, மத்தியானத்துக்குள் வெள்ளை வயிற்றைக் காட்டிவிட்டன. கிறிஸ்துமஸுக்கு முன் பிடிக்க வேண்டிய மீன். இதைப் போனில் சொன்னேன், மீதியைச் சொல்லவில்லை. நான் போனை எடுத்தால் உன் அம்மா அடுப்பில் எது கருகினாலும் விட்டுவிட்டு வந்து என் தோளில் காதை வைத்துக்கொள்வாள் என்பது உனக்குத் தெரியாததா, அதனால்தான் காகிதம். உன் சித்தப்பா மகன் கப்பல் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், கூடவே ஒரு பொட்டலம் அந்தலிமான் மிளகும் இருக்கும், பொட்டலம் இளைத்திருந்தால் அவன் நாக்கை நீட்டச் சொல்லிப் பார், மரத்துப் போயிருக்கும்.

மீதி இதுதான். மீன் செத்த அதே வாரம் புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம், முறைப்படி நம் வீட்டில் நடக்க வேண்டியது. தள்ளி வைப்போமா என்று கேட்டேன். அதற்கு உன் அம்மா, "இப்பத்தானே நமக்கு ஜெபம் வேணும், நல்லா இருக்கறப்ப எதுக்கு" என்றாள். வீட்டைப் பெருக்கி, பாய் விரித்து, பக்கத்து வீட்டில் டம்ளர் இரவல் வாங்கி, மரவள்ளிக் கிழங்கு பொரித்து வைத்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு எடுத்தார்கள். நம் ஊரில் தொட்டில் பிள்ளைகூட நாலு குரலில் பிரிந்துதானே அழும், அந்தச் சின்னக் கூடத்தில் நாலு குரலும் சேர்ந்து எழும்பியபோது எனக்கே நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது, பொய் சொல்லவில்லை. அதோடு கிழங்கைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் முடிவு ஜெபம் பர்லின் அப்பா. அவர் ஜெபத்தைத் தொடங்கினால் கோழி முட்டையிட்டு அடைகாத்துக் குஞ்சோடு எழுந்துவிடும். நான் நடுவில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன், அவர் சொன்ன வார்த்தைகளை மறுநாள் கள்ளுக்கடையில் நாலு பேர் நாலு முறை சொல்லித்தான் முழுசாகக் கேட்டேன். "ஆண்டவரே, இந்த வீட்டுக்குள்ள மனுஷக் கண்ணுக்கு மறைவா என்ன இருக்குன்னு நீர் பார்க்கிறீர், ஏரியோட அடியைப் புரட்டினாப்ல அதையும் புரட்டி மேல கொண்டுவாரும்" என்றாராம். நம் ஊரில் ஒருவன் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைக் கர்த்தரிடம் சொல்வதுபோல் சொல்லிவிடலாம், எல்லாரும் கண்ணை மூடியிருப்பதால் முறைக்கக்கூட முடியாது. இத்தனைக்கும் அவருடைய கூண்டுகள் முனைக்கு அந்தப் பக்கம், ஆழத்தில், நீரோட்டத்தில் இருக்கின்றன, அங்கே ஒரு மீனுக்கு இருமல்கூட வரவில்லை.

அன்றைக்குக் கடைசிப் பாட்டுக்கு உன் அம்மா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை, மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் பாடவே இல்லை. கோயிலுக்கும் வரவில்லை, கேட்டால் தொண்டை சரியில்லை என்பாள். பாடகர் குழுவிலிருந்து உன் அத்தை வந்து, "அண்ணி, நீங்க இல்லாம எங்க ஆல்ட்டோ குரல் நொண்டுது, கிறிஸ்துமஸ் வருது" என்று கெஞ்சினாள், உன் அம்மா காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். பாத்திரம் கழுவும்போது பாடுவாள், பன்றிக்குத் தீனி வைக்கும்போது பாடுவாள், என்னைத் திட்டிக்கொண்டே நடுநடுவே பாடுவாள், அப்படிப்பட்டவள் வாய் மூடிவிட்டால் வீடு எப்படியிருக்கும் என்று நினைத்துப்பார். மீன் போனால் மறுபடி விடலாம். இந்த வயதில் நான் வேறு ஆல்ட்டோவுக்கு எங்கே போவேன்? அதனால்தான் எனக்குப் பழிவெறி ஏறியது, அதுவும் சாதாரண வெறி இல்லை, ஊறுகாய் மாதிரி நாளுக்கு நாள் ஊறியது. முகத்துக்கு நேரே கேட்கவும் வழியில்லை. அவர் உன் அம்மாவின் குலம், உனக்குத் தாய்மாமன் முறை. பெண் கொடுத்த வீட்டாரை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் நம் ஆட்கள் அதற்கென்றே ஒரு கூட்டம் போட்டு, என்னைத் தலை குனிய வைத்து, சமாதானத்துக்கு ஒரு பன்றியையும் அறுத்துவிடுவார்கள். எனக்கு இருப்பதே இரண்டு.

கடைசியில் கள்ளுக்கடையில்தான் எனக்கு அருள் இறங்கியது. ஞாயிறுதோறும் பிரசங்கத்துக்கு முன்னால் அறிவிப்பு வாசிப்பார்களே, யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்குக் கல்யாணம், யார் எதற்காக ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தார்கள் என்று. உறைமேல் எழுதியது எழுதியபடி வாசிக்க வேண்டும், ஒரு எழுத்து விடக் கூடாது, அது சபை வழக்கம். மாமியார் ஊருக்குத் திரும்பிப் போனதற்கு ஸ்தோத்திரம் என்று ஒருத்தி எழுதிக் கொடுத்து, மாமியாரும் கோயிலில் உட்கார்ந்திருக்க, அதையும் வாசித்தார்கள், நீ அப்போது சின்னப் பெண். மூப்பர்கள் முறை வைத்து வாசிப்பார்கள், பர்லின் அப்பாவின் முறை வரும்வரை காத்திருந்தேன். அவர் எதையும் முன்கூட்டிப் படித்துப் பார்க்க மாட்டார், அது விசுவாசக் குறைவாம். நான் எழுதிக் கொடுத்தது இதுதான், மனப்பாடமாகவே இருக்கிறது: "சவுலினா அப்பா குடும்பத்தார், தங்கள் மீன்கள் செத்ததற்குத் தங்கள் மறைவான பாவமே காரணம் என்று காட்டிக்கொடுத்த மூப்பர் பர்லின் அப்பாவுக்காகவும், இந்த ஏரிக்கரையிலேயே பாவமில்லாத ஒரே மனிதரான அவருடைய மீன்கள் உயிரோடிருப்பதற்காகவும், அந்த மீன்கள் சாகும் நாள்வரை அவர் பரிசுத்தராகவே இருக்கப்போவதற்காகவும் ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்துகிறார்கள்."

வாசித்தார் மகளே. அந்த இடிமுழக்கக் குரலில் "பாவமே காரணம்" வரைக்கும் கம்பீரமாகப் போனார், தன் பெயர் வந்ததும் இன்னும் நிமிர்ந்தார், "பாவமில்லாத ஒரே மனிதரான" என்ற இடத்தில் மாடு சேற்றில் கால் வைத்தது போல ஒரு தயக்கம். ஆனால் எப்படி நிறுத்துவது, முழுச் சபையும் கீழே காத்திருக்கிறது. கடைசிவரை வாசித்தார். வாசித்து முடித்து, பழக்கதோஷத்தில் "கர்த்தர் இதை ஆசீர்வதிப்பாராக" என்றும் சொல்லிவிட்டார். பெண்கள் பக்கம் தோளில் கிடந்த ஊலோஸ் சால்வை எல்லாம் வாய்க்குப் போனது. ஆண்கள் பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கப் போய் தும்மினார். போதகர் உத்திரத்தில் பல்லி தேடினார். பல் விழவில்லை, ஆனாலும் நான் வேண்டிக்கொண்டதற்கு மேலாகவே கர்த்தர் அருளினார். வெளியே வரும்போது பர்லின் அப்பா வாசலில் என் கையைப் பிடித்து நெரித்துக்கொண்டே, "மாப்ள, நல்லா எழுதறீங்க" என்றார். "மச்சான் வாசிச்ச அழகுல எழுத்துக்கே மரியாதை வந்துடுச்சு" என்றேன். அப்படியே மிதந்துகொண்டு போய், கடையில் ஒரு பொட்டலம் பன்றிக்கறி வாங்கிக்கொண்டு, வழியில் நாய்க்குக்கூட வணக்கம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உன் அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டு, பர்லின் அப்பா மாதிரி குரலை வைத்து, அவர் தயங்கிய இடத்தில் தயங்கி, பல்லி தேடிய போதகரையும் சேர்த்து முழுசாக நடித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு அவர் ஜெபம் பண்ணி முடிச்சதும் முதல்ல ஆமென் சொன்னது யாருன்னு தெரியுமா" என்றாள். யாராயிருந்தாலும் பெயரைச் சொல், நாளைக் காலை ஜெபத்தில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். "நீங்கதான்" என்றாள். "அடித்தொண்டையில இருந்து உருட்டினீங்க. உங்க பேஸ் குரல் எனக்குத் தெரியாதா? உங்களுக்கு அப்புறம்தான் மத்தவங்க சொன்னாங்க." நான் வாயைத் திறந்தேன், நம் மீன் மாதிரி மூடினேன். அவள் நிறுத்தவில்லை. "அண்ணன் ஜெபம் என்னை என்ன செய்யும்? பூனை குட்டி போட்டாக்கூட அவர் பாவம்னுதான் ஜெபம் பண்ணுவார். கூண்டுல இன்னும் கொஞ்சம் குஞ்சு விடுங்க, இன்னும் கொஞ்சம் விடுங்கன்னு உங்களை நச்சரிச்சது நான். அவ்வளவு நெரிசல் இல்லேன்னா பாதியாவது பொழச்சிருக்கும். நீங்க ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டலை. அன்னிக்கு அத்தனை பேர் முன்னால ஆமென்ல சொல்லிட்டீங்கன்னு நினைச்சேன்." இத்தனை வாரமாக அவள் தொண்டையில் சிக்கியிருந்த முள் பர்லின் அப்பா இல்லை மகளே, நான்.

தூங்கிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். "தூங்கினீங்களா?" என்று கத்தியைக் கீழே வைத்தாள். அவர் வயிற்றுவலிக்காரர்களுக்காக ஜெபிக்கும்போதே போய்விட்டேன், சத்தம் இறங்கினால் என் நாக்கு தானாக ஆமென் போட்டுவிடும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், வேதத்தின்மேல் அடித்துச் சொல்கிறேன் என்றேன். அப்புறம் சிரித்தாளா அழுதாளா எனக்குத் தெரியாது, வெங்காயம் வேறு இருந்தது. "இந்த ஆளைக் கட்டிக்கிட்டு" என்று தொடங்கி ஒரு நீண்ட பட்டியல் சொன்னாள், நல்ல திட்டு, இந்த வருஷத்திலேயே சிறந்த திட்டு. சாப்பிட்டுவிட்டுத் தட்டு கழுவும்போது மெல்ல முனகினாள். ஆல்ட்டோ தனியாகக் கேட்டால் என்ன பாட்டு என்றே பிடிபடாது, எனக்குப் பிடிபட்டது, அது அன்று நம் கூடத்தில் அவள் விட்ட அதே கடைசிப் பாட்டு. நான் பின்வாசலில் நின்று பேஸ் பிடித்தேன். ராகத்தைப் பாட யாரும் இல்லை, நாங்கள் இரண்டு பேரும் மேலேயும் கீழேயுமாக அதற்கு இடம் விட்டுவிட்டுப் பாடினோம். ஆறுதல் ஆறுதல் என்று பிரசங்கத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறேன், அது எந்தப் பக்கமிருந்து வரும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன், பாத்திரச் சத்தத்துக்கு நடுவே வந்தது. மறுவாரம் கோயிலுக்கு வந்துவிட்டாள், ஆல்ட்டோ நொண்டவில்லை.

அதற்காகப் பர்லின் அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. என் கணக்கில் நான் செய்த தப்பு வேறு, அவர் செய்தது வேறு. கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவர்தான் ஏரோது ராஜா, சிம்மாசனம் செய்கிற வேலை என்னிடம் வந்திருக்கிறது, கர்த்தரே கொண்டுவந்து கையில் கொடுத்தாரென்றுதான் சொல்ல வேண்டும். மூன்று கால்களை உறுதியாக அடித்துவிட்டேன், நாலாவதைப் பற்றி இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

போன தடவை பேசும்போது உன் குரல் உடைந்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன், அம்மா காது என் தோளில் இருந்ததால். வாடகை அறையில் தனியாக உட்கார்ந்து அழாதே. அங்கே எந்தச் சபையாக இருந்தாலும் போய் பெண்கள் பக்கம் நில், பாஷை புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆல்ட்டோ எந்த ஊரிலும் ஆள் குறைவு, உன்னைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். சூட்டு உடம்பு உனக்கு, நிறையத் தண்ணீர் குடி. ஒருவர் ஜெபத்தை முழுக்கக் கேட்டுவிட்டு ஆமென் சொல். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, அம்மாவிடம் போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே. அந்நிய ஊரில் உன் போக்கையும் வரவையும் கர்த்தர் காப்பாராக, உன் உதட்டில் பாட்டு வற்றாதிருக்கட்டும்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அப்பா

பின்குறிப்பு: நம் கூண்டில் மறுபடி குஞ்சு விட்டாயிற்று, நன்றாக ஓடுகின்றன. நம் வீட்டில் நடந்த அந்த ஜெபக்கூட்டத்துக்கு மறுநாள் காலையிலேயே, பர்லின் அப்பா தன் கூண்டிலிருந்து பாதிக் குஞ்சுகளை அள்ளித் தன் படகிலேயே கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் கொட்டிவிட்டுப் போனார்.