ஆட்டக்காரருக்குச் சொல்லப் போனேன், அப்பா

நேற்றுப் போட்ட சட்டையை இன்னும் தோய்க்கவில்லை. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புகளை ஒவ்வொன்றாக மெஷினுக்குள் போட்டுக்கொண்டு வந்தபோது அது கையில் வந்தது. தணலில் வாட்டிய சோளத்தின் மணம், அதற்கு மேல் பிழிந்த தேசிக்காய்ப் புளி. முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்து மெஷினில் உடுப்பு எடுக்க வந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டையை மட்டும் தனியே எடுத்து மேலே கொண்டு வந்துவிட்டேன். இப்போது மடியில் கிடக்கிறது. அறைக் கதவைச் சாத்திவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன், அப்பா.

நேற்று லத்தீன் அமெரிக்கச் சனத்தின் ஆட்ட விழாவுக்குப் போனேன். தனியாக.

உங்களுக்கு அந்த விழா ஏன் அவ்வளவு பிடித்தது என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. யாழ்ப்பாணத்து மனிதர், கோயில் திருவிழாவில்கூடக் கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவர், கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீலச் சேர்ட்டை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, லோரன்ஸ் பஸ் பிடித்து, சப்வே மாறி, ஒரு சதுக்கத்தில் போய் ஆடுவார். நாங்கள் வருவதற்கு முன் ஏழு வருடம் நீங்கள் இங்கே தனியாக இருந்தீர்கள். உணவகத்தில் உங்களோடு கோப்பை கழுவியவர்கள்தான் முதலில் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று ஒருமுறை பஸ்ஸில் சொன்னீர்கள். “கனடாவிலை சும்மா கிடைக்கிறது ரெண்டு சாமான்தான், பிள்ளை. ஒண்டு ஸ்னோ. மற்றது உந்த ஆட்டம்.”

அம்மா ஒவ்வொரு வருடமும் வாசலில் நின்று ஒரே கதையைத்தான் சொல்வா.

“வெட்கமில்லையோ? கண்ட கண்ட பொம்பிளையளின்ரை கையைப் பிடிச்சு ஆடுறதுக்கு இஸ்திரி வேறை.”

“அப்ப நீர் வாருமன். உம்மடை கையைப் பிடிக்கிறன்.”

“விசர் மனிசன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பழுதாக்குது.”

நான் பழுதாகவில்லை. நான் ஆடவே இல்லையே. ஒன்பது வயதில் வந்த முதல் கோடையிலிருந்து போன வருடம் வரைக்கும், மேடைக்கு இடப்பக்கம் நிற்கும் அந்த மரத்தடியில், உங்கள் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மத்தியானம் ஆடத் தெரியாதவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கும். இரண்டு வரிசை, எதிரும் புதிருமாக. மேடையில் இருப்பவர் கையைத் தட்டினால் ஒரு வரிசை ஒவ்வோர் ஆளாய் நகரும், உடனே புது ஆளோடு ஆடவேண்டும். ஒரு பாட்டு முடிவதற்குள் ஐந்தாறு பேரின் கையைப் பிடித்து விட்டுவிடலாம். உங்களுக்கு நன்றாக ஆடத் தெரியும். ஆனாலும் வருடா வருடம் அந்த வகுப்பில்தான் போய் நிற்பீர்கள், வரிசையின் கடைசியில். ஏன் என்று கேட்டேன்.

“தெரிஞ்ச ஆள் ஒண்டு வரிசையிலை நிண்டால்தான் மற்றவைக்குப் பயம் போகும்.”

பிறகு என்னைப் பார்க்காமல், போத்தலைத் திறந்துகொண்டே சொன்னீர்கள். “இஞ்சை ஆரையும் போய்க் கேக்கத் தேவையில்லை, குஞ்சு. கதைக்கவும் தேவையில்லை. நிண்டால் காணும், ஆள் தானா வரும்.”

அது எனக்காகச் சொன்னது என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டை நான் டொய்லெட்டுக்குள் இருந்து சாப்பிட்டேன் என்பதை நீங்கள் எப்படியோ அறிந்திருந்தீர்கள். பதினோராம் வகுப்பின் பாதியில் இனிப் போகமாட்டேன் என்று நான் கட்டிலில் இருந்து எழும்பாமல் கிடந்தபோது அம்மா அழுதா, மாமா ஃபோனில் ஏசினார். நீங்கள் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து, நான் விலகுவதற்குக் கையெழுத்துப் போட்டீர்கள். திரும்பி வரும்போது, “பள்ளிக்கூடம் எங்கையும் ஓடிப் போகாது. கொஞ்சம் களை ஆறு” என்றீர்கள். அதோடு விட்டுவிட்டீர்கள். இப்போது நான் அஜின்கோர்ட்டில் ஒரு டேக்கவுட் கடையின் பின்பக்கத்தில் இடியப்பம் பிழிகிறேன். ஆட்களுக்கு முன்னால் வரத் தேவையில்லாத வேலை.

நான் சொல்லவேண்டியது இதுவல்ல. போன வருடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அன்று அந்த மரத்தடிக்கு என்னோடு படித்த ஒருத்தி வந்தாள். எங்கள் ஆள்தான், தமிழ்ப் பிள்ளை. கையில் ஐஸ்கிறீம். பள்ளிக்கூடத்தில் என்னோடு கதைக்காதவள், அன்று கதைத்தாள். பக்கத்தில் குந்திக்கொண்டு, இப்போது எங்கே படிக்கிறாய் என்று கேட்டாள். நான் ஏதோ முணுமுணுத்தேன். அப்போது அவள் வரிசையைப் பார்த்தாள்.

“ஐயோ, உந்த அங்கிளைப் பாரன்! எங்கட ஆள் மாதிரிக் கிடக்கு. இடுப்பை ஆட்டுறாரடி! ஓ மை கோட். உனக்குத் தெரியுமோ அவரை?”

“தெரியாது” என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே பாட்டு நின்றுவிட்டிருந்தது. நீங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தீர்கள். பத்தடி தூரம் இருக்கும், அதற்கும் குறைவாகவும் இருக்கலாம். போத்தல் என் மடியில் இருந்தது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. எங்களைக் கடந்து போய், சதுக்கத்தின் மூலையில் இருந்த குழாயில் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக் குடித்தீர்கள். அவள் எழும்பிப் போகும் வரைக்கும் திரும்பி வரவில்லை.

பஸ்ஸில், “பசிக்குதோ?” என்று மட்டும் கேட்டீர்கள். இல்லை என்றேன். தெரியாது என்று நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதா, கேட்கவில்லையா, அப்பா? கேட்டுவிட்டு எனக்காகத்தான் யாரோ ஒருவர்போல நடந்து போனீர்களா? நாளைக்குக் கேட்போம், அடுத்த கிழமை கேட்போம் என்று வைத்துக்கொண்டே இருந்தேன். பெப்ரவரியில் ஒரு விடியக் காலை வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில் நீங்கள் விழுந்துவிட்டீர்கள்.

மரண அறிவித்தலை மாமா இணையத்தில் போட்டார், ரேடியோவிலும் சொன்னார்கள். பிக்கரிங்கிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஃபோன் வந்தது. உங்களைப் பார்வைக்கு வைத்த இடத்தில் எனக்கு முகம் தெரியாத சனமெல்லாம் வரிசையில் வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தது. நான் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. எல்லோருக்கும் முதலே தெரிந்திருந்தது. அந்த அறிவித்தலின் கடைசி வரியை நான் பல தடவை வாசித்தேன். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று இருந்தது. அனைவரும் இல்லையே என்று பட்டது. வருடத்தில் ஒருநாள் உங்களோடு கை மாற்றி மாற்றி ஆடியவர்களுக்கு யார் சொன்னது? அவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கப் போவதில்லை.

அதனால்தான் போனேன். அம்மாவிடம் சொன்னபோது அவ வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றா.

“வருசம் முடியேல்லை. கொண்டாட்டத்துக்கோ போறாய்?”

“கொண்டாட்டத்துக்கில்லை அம்மா. சொல்லப் போறன்.”

“ஆருக்கு?”

“அங்கை ஆடுற ஆக்களுக்கு. அவைக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.”

அம்மா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. கடைக்குப் போய்ப் பால் வாங்கிவா என்றால்கூடத் தயங்குகிற பிள்ளை என்று நினைத்திருப்பா. பிறகு சொன்னா, “செத்தவீடு சொல்லப் போறதை மறிக்கக் கூடாது. போ.”

சப்வேயில் ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். சதுக்கம் அப்படியே இருந்தது. இசை, புகை, குழந்தைகள், கொடிகள். மரத்தடியில் வேறு யாரோ துணி விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வகுப்பு தொடங்கியது. உங்கள் இடம் வெறுமையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். இருக்கவில்லை, அப்பா. தொப்பி போட்ட ஒருவர் அங்கே நின்றார். வரிசையில் ஓர் இடைவெளியும் இல்லை. கையைத் தட்டினார்கள், நகர்ந்தார்கள், ஆடினார்கள். எல்லாம் சரியாக நடந்தது. இவ்வளவு சனத்துக்குள் நீங்கள் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தபோது திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது.

புபூசா விற்கும் அந்த அன்ரியின் கடைக்குப் போனேன். சோளமாவுக்குள் மசித்த அவரை விதை வைத்துத் தட்டிச் சுடுவாரே, எங்கள் ரொட்டிக்குத் தங்கச்சி என்று நீங்கள் சொல்வீர்களே, அவர். வரிசையில் நின்று முன்னுக்கு வந்ததும் வாய் திறக்கவில்லை. விலகிப் போய்ப் பக்கத்துக் கடையில் ஒரு வாட்டிய சோளம் வாங்கினேன். திரும்ப வந்து நின்றேன். திரும்ப விலகினேன். மூன்றாம் தரம் அவரே கேட்டார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலத் தடக்கித் தடக்கித்தான் வந்தது. எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

“என்னடி பிள்ளை, மூண்டு தரம் வந்திட்டாய். சோளத்தையும் கையிலை வைச்சிருக்கிறாய். என்ன வேணும்?”

பாடமாக்கிய வசனம் வரவில்லை. “நான்… வருசம் வருசம் வந்து ஆடுற, நீலச் சேர்ட் போட்ட ஆளின்ரை மகள்” என்றேன்.

“ஃபிளாக்கோவின்ரை மகளோ!” அவர் பின்னால் திரும்பிச் சத்தம் போட்டுச் சொன்னார். ஃபிளாக்கோ என்றால் மெலிந்தவனாம். உங்களுக்கு அவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. “உன்னை எனக்குத் தெரியுமே. மரத்தடிப் பிள்ளை. சாப்பாடு வாங்க வரேக்கை உன்னைக் காட்டுவார். அது என்ரை மகள், கூப்பிடாதேங்கோ, கூப்பிட்டால் ஓடிவிடுவாள் எண்டு. எங்கை, ஆளைக் காணேல்லை? பிந்தியோ வாறார்?”

போன வருடமும் காட்டினாரா, காட்டினால் நான் தெரியாது என்று சொன்னதற்கு முன்னா, பின்னா என்று கேட்கவேண்டும் போல இருந்தது.

“அவர் இல்லை” என்றேன். “பெப்ரவரியிலை செத்துப்போனார். உங்களுக்குச் சொல்லத்தான் வந்தனான்.”

அவர் கையில் தட்டிக்கொண்டிருந்த மா அப்படியே நின்றது. நான் திரும்பி நடந்தேன். இழவு சொன்ன இடத்தில் வாறன், போறன் என்று சொல்லக் கூடாது என்பதுதானே எங்கள் பழக்கம், அதைத்தான் செய்தேன். அவருக்கு அது எப்படித் தெரியும்? நான் கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்துவிட்டார். கடையை விட்டு ஓடி வந்து, மாப் பிடித்த கையால் என் முழங்கையைப் பிடித்தார்.

“நான் என்ன பிழையாச் சொல்லிப்போட்டன்? இப்பிடி ஒரு கதையைச் சொல்லிப்போட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போறதோ?”

எங்கள் ஊரில் அப்படித்தான் என்றேன். “எங்கட ஊரிலை அப்பிடியில்லை” என்று கையை விடாமல் என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாளியைக் கவிழ்த்து இருத்தினார். பிறகு பக்கத்துக் கடைக்குப் போய் ஏதோ சொன்னார். அங்கிருந்து ஒருவர் அடுத்த கடைக்குப் போனார். எனக்கு விளங்காத மொழியில் அந்தச் செய்தி கடை கடையாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிளாக்கோ என்ற ஒரு சொல் மட்டும்தான் விளங்கியது. சோளக்காரர் தொப்பியைக் கழற்றினார். ஒருவர் பின் ஒருவராக வந்து என்னைப் பார்த்து, நீ மகளா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று நினைவில்லை. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன், ஆனால் சொன்னேன்.

வெளிக்கிடும்போது அந்த அன்ரி இன்னொன்று சொன்னார். உங்களோடு கோப்பை கழுவி, உங்களை முதன்முதலில் அங்கே கூட்டி வந்தவர் இந்த வருடம் வரவில்லையாம். மேடையில் உயரமான இரண்டு மேளம் அடிப்பாரே, அவர்தானாம். நீங்கள் எனக்கு அவரைக் காட்டியதே இல்லை. தாய்க்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போயிருக்கிறாராம்.

“அடுத்த வருசம் கட்டாயம் வருவான். ஃபோன் அடிச்சு நான் சொல்லிவிடட்டோ?”

“வேண்டாம்” என்றேன், யோசிக்காமல். “நான் சொல்லுறன்.”

“அப்ப வருவாய்?”

தலையை ஆட்டினேன்.

வந்த வழியெல்லாம் அந்த மேளக்காரரையே நினைத்துக்கொண்டு வந்தேன். எந்த நாடு, எந்த ஊர் என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது அங்கே அவர் தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடும். இந்த வருடம் விழாவைத் தவறவிட்டேனே, ஃபிளாக்கோ என்னைத் தேடியிருப்பானே என்று நினைக்கக்கூடும். அவர் ஒருவரின் நினைப்பில் மட்டும் நீங்கள் நேற்றும் ஆடியிருக்கிறீர்கள். வியர்த்து, போய்த் தண்ணீர் குடித்து, மகளோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள்.

அவருக்கான செய்தி என்னிடம் இருக்கிறது, அப்பா. ஒரு வருடத்துக்கு அதை நான் வைத்திருப்பேன். சொல்லும்போது போன வருடம் மரத்தடியில் நான் சொன்னதையும் சேர்த்துச் சொல்வேன். உங்களிடம் கேட்க முடியாததை அவரிடம் கேட்கவும் முடியாது. ஆனால் உங்களைத் தெரிந்த ஒருவராவது அதை அறிந்திருக்கவேண்டும். எனக்கு அவசரம் இல்லை. நான் வாய் திறக்கிற வரைக்கும், அந்த ஒரு மனிதரிடம் நீங்கள் உயிரோடு இருந்துகொள்ளுங்கள்.