மலையில் காத்திருந்த சிவப்புச் சைக்கிள்

சொகமோசோ,
அக்டோபர் 2

அன்புள்ள எவெலியோ அவர்களுக்கு,

அறைக்கு எழுதாமல் வேலை செய்யும் பேக்கரி முகவரிக்கு எழுதியிருக்கிறாளே என்று பார்க்கிறீர்களா? போனில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். இதை நீங்கள் மட்டும் படிக்க வேண்டும்.

இங்கே மழை விட்டபாடில்லை. அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. பள்ளிச் சமையலறையில் டிசம்பரோடு நின்றுவிடுகிறேன் என்று சொல்லியாயிற்று. வீட்டையும் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். உங்களிடம் வந்து சேர்ந்தால் ஸ்பெயினில் குளிருமே என்று கம்பளிச் சட்டை ஒன்று பின்ன ஆரம்பித்தேன். பாதியில் நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர் அர்செனியோவின் கடையில் ஞாயிறுதோறும் நடக்கும் சைக்கிள் பந்தயப் பலகை ஆட்டத்தில், நீங்கள் போன பிறகும் உங்கள் சிவப்புச் சைக்கிள்களை வேறு யாரையும் நான் தொடவிட்டதில்லை. பலகையையும் உங்களுக்கு வந்த எண் சீட்டுகளையும் படம் பிடித்து அனுப்புவேன். நீங்கள் ஓர் எண்ணைச் சொல்வீர்கள், நான் நகர்த்துவேன். நீங்கள் எப்படி ஆடுவீர்கள் என்று எனக்குத் தெரியாதா? பலகையில் மலை கண்ணில் பட்டதுமே கையிலிருக்கும் பெரிய எண்ணைப் போட்டு முன்னால் பாய்வீர்கள். முன்னால் போகிறவனுக்குத்தான் எதிர்காற்று. சோர்வுச் சீட்டாக வந்து குவியும். கடைசியில் உங்கள் ஆள் நாக்குத் தள்ளி நிற்பான். "உன் புருஷன் சைக்கிள்ல பிரேக்கே கெடையாதும்மா" என்பார் அர்செனியோ. எனக்கு அதில் ஒரு பெருமை. என்னைப் பெண் கேட்டதும் அப்படித்தானே, கல்யாண வீட்டில் அத்தனை பேர் முன்னால்!

இரண்டு மாதமாகச் சிவப்பு மலையில் பாய்வதில்லை. எதிராளியின் மஞ்சள் சைக்கிளின் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு, சின்னச் சின்ன எண்ணாகப் போட்டு, கடைசித் திருப்பத்தில் மெல்ல வெளியே வருகிறது. அடுத்தடுத்து ஜெயித்தீர்கள். "வெளிநாடு போனதும் எவெலியோவுக்குப் புத்தி வந்துடுச்சே!" என்று கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. பதினெட்டு வருஷம் குடித்தனம் செய்த மனுஷனின் கை எனக்குத் தெரியும். அது உங்கள் கை இல்லை.

போன ஞாயிறு படத்தை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் நேரே கூப்பிட்டேன். மலையடிவாரம், கையில் ஒன்பது இருக்கிறது, போடட்டுமா என்று கேட்டேன். "கொஞ்சம் இரு" என்றீர்கள். பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "ஒன்பது வேணாம், மூணு போடச் சொல்லு. அடுத்தவன் காத்து வாங்கட்டும்" என்றது. நீங்களும் கிளிப்பிள்ளை மாதிரி, "மூணு போடு, ஃப்ளோர்" என்றீர்கள். போனை மேசைமேல் எல்லாருக்கும் கேட்கும்படிதான் வைத்திருந்தேன். அர்செனியோ துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தார். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மூன்றைப் போட்டேன். ஜெயித்தும் விட்டீர்கள்.

பாவி மனுஷா! தூர தேசம், தனிமை, புத்தி தடுமாறிவிட்டது என்று எதையாவது சொல்லி அழுது தீர்த்திருப்பேன். ஆனால் நான் அனுப்பிய படத்தை அவளோடு தலையோடு தலை வைத்துப் பார்த்தீர்களே! கொட்டுகிற மழையில் கடைக்குப் போய் உட்கார்ந்து, உங்கள் இடத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவள் சொன்னபடி அல்லவா காய் நகர்த்தியிருக்கிறேன். என்னை இப்படி ஏமாற்ற உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

அவள் யார், எத்தனை நாளாய் என்றெல்லாம் கேட்கப்போவதில்லை. டிசம்பரில் நான் விமானம் ஏற வேண்டுமா, வேண்டாமா? இந்த மாதத்துக்குள் சொன்னால் சமையலறை வேலையைத் திரும்பத் தருகிறார்களாம். வீட்டுக்காரரும் பொறுத்துக்கொள்வார். அதனால் கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடுங்கள். "வா" என்றாலும் சரி, "வராதே" என்றாலும் சரி, நீங்களாகச் சொல்லுங்கள். அவளைக் கேட்டுச் சொல்லாதீர்கள்.

நம்மூர் மோர்க்கா மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

இன்றுவரை உங்கள் மனைவி,
ஃப்ளோர் அல்பா